இரண்டு சர்க்கரை, பால் கடைசியில்

பெயர் கிளைவ் என்பதால் யாரும் மிரள வேண்டாம். இவர் எந்தக் கோட்டையையும் பிடித்தவரல்ல. வாழ்நாளில் இவர் பிடித்ததெல்லாம் ஒரு கம்பு. கம்பின் நுனியில் வட்டமாக ஒரு தகடு, அதில் 'நில், பிள்ளைகள்' என்று எழுதியிருக்கும். ஸ்கெல்பி தொடக்கப் பள்ளி வாசலில் காலையும் மாலையும் மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டு கிளைவ் டாக்ரே அந்தக் கம்போடு நடுத்தெருவில் போய் நிற்பார். மீன் லாரி, குப்பை வண்டி, மேயரின் கார் எல்லாம் நிற்கும். பிள்ளைகள் கடந்ததும், நின்ற வண்டி ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி, நிறுத்தியதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுத்தான் ஓரத்துக்கு வருவார்.

மத்தியான வேளைக்கும் அவருக்கு ஒரு சம்பளம் வந்துகொண்டிருந்தது. மத்தியானத்தில் பிள்ளைகள் வெளியே வருவதே இல்லை என்பதை நகர மன்றம் பல வருஷம் யோசித்துக் கண்டுபிடித்து, அதை வெட்டிவிட்டது. வாடகையை யாரும் வெட்டவில்லை. அது வளர்கிற பிள்ளை, வளர்ந்துகொண்டிருந்தது.

வீடு என்றால், நாய்களுக்கு முடி வெட்டும் கடைக்கு மேலே உள்ள மாடி. இரண்டு படுக்கையறை. ஒன்றில் கிளைவ், இன்னொன்றில் மோரீன் பிக்ஸ் என்ற அம்மாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் இருவரும் தனித்தனியாக விளம்பரம் பார்த்து வந்தவர்கள். தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி வாடகை, தனித்தனிக் குறட்டை. சமையலறையும் கூடமும் குளியலறையும் மட்டும் பொது. மோரீனுக்குக் கடற்கரைச் சாலையில் மீன் வறுவல் கடையில் வேலை. கிளைவ் ஒரு சப்பை ஆள் என்பது அவள் அபிப்பிராயம். மோரீனுக்குத் தொண்டை பெரிது என்பது அவர் அபிப்பிராயம், ஆனால் அதை அவர் தனக்குள்கூட மெதுவாகத்தான் சொல்லிக்கொள்வார்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது டீ ஒன்றுதான். இந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாததால் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள். கெட்டிலைப் போடுகிறவர், அந்தக் கூரையின் கீழ் இருக்கிற அத்தனை பேருக்கும் டீ போட வேண்டும். திருடன் புகுந்திருந்தால் அவனுக்கும் எத்தனை சர்க்கரை என்று கேட்டுக்கொண்டு, பிறகுதான் போலீசைக் கூப்பிட வேண்டும். கிளைவ் இந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. அவர் குடி கெட்டது அதனால்தான்.

சம்பளம் குறைந்த மாதம் கிளைவ் நகர மன்றத்தின் வாடகை உதவி அலுவலகத்துக்குப் போனார். மோரீன் ஏற்கெனவே அங்கே கொஞ்சம் உதவி வாங்கிக்கொண்டிருந்தாள். வரவேற்பு மேசையில் ஒரு பெண் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நேர்ல பேச முடியாதுங்க. போன்ல கூப்பிடணும்," என்றாள்.

"நான் நேர்லயே வந்துட்டேனேம்மா."

"வந்தது ரொம்ப சந்தோஷம். அதோ சுவத்துல போன் இருக்கு பாருங்க."

கிளைவ் சுவரில் இருந்த போனை எடுத்தார். அவள் மேசையில் மணி அடித்தது. அவள் அதைப் பார்த்தாள். கிளைவின் காதில் பியானோ இசை ஒலித்தது, நடுநடுவே 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று ஒரு குரல் உருகியது. அவள் சாண்ட்விச்சைச் சாப்பிட்டாள். இருவர் கண்ணும் சந்தித்தபோதெல்லாம் இருவரும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டார்கள். கடைசி வாயை விழுங்கி, விரலைத் துடைத்துவிட்டு அவள் போனை எடுத்தாள்.

"வணக்கம். காத்திருந்ததுக்கு நன்றி. எங்கேருந்து பேசறீங்க?"

"இங்கேருந்துதாம்மா."

"இங்கேன்னா?"

கிளைவ் கையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள்.

"சரிங்க, எங்க அதிகாரி உங்க வீட்டுக்கு வந்து பார்ப்பார்."

"எப்பம்மா வருவார்?"

"அதைத் தெரிஞ்சுக்க நீங்க மறுபடி கூப்பிடணும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, எதிரே நின்றவரிடம், "வேலை முடிஞ்சுதா?" என்று பரிவோடு கேட்டாள்.

வந்தவர் மிஸ்டர் பிம்லாட். ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் தம்பதியா, தனித்தனியா என்று பார்க்க, ஸ்கெல்பி முழுவதற்கும் வீட்டுச் சோதனை அதிகாரி அவர் ஒருவர்தான். நனைந்த மழைக்கோட்டு, நனைந்த மீசை, கையில் அளவு நாடா. படியேறியதும் மோரீனின் குரல் அறைக்குள்ளிருந்து வந்தது.

"யாரா இருந்தாலும் ஷூவை வெளியில கழட்டுங்க! கம்பளத்தை நேத்துதான் துடைச்சேன்!"

பிம்லாட் கழற்றினார். ஒரு காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அதைப் பார்க்காத மாதிரி எல்லோரும் நடந்துகொண்டார்கள்.

குளிர்பெட்டியைத் திறந்தார். இரண்டு தட்டு, இரண்டு பால், ஒன்றில் 'மோரீன், தொட்டால் தெரியும்' என்று எழுதி ஒட்டியிருந்தது. நல்லது என்றார். குளியலறையில் ஒரே குவளையில் இரண்டு பல்துலக்கிகள் நின்றன. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுக்கொண்ணு முதுகைக் காட்டித்தான் நிக்குது," என்று குறித்துக்கொண்டார். சோபாவில் இருந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே நாடா பிடித்து அளந்தார். எல்லாம் கிளைவுக்குச் சாதகம். அத்தோடு அவரை வழியனுப்பியிருக்கலாம். ஆனால் வெளியே மழை, ஆள் நனைந்திருக்கிறார், கிளைவும் ஒரு மனிதர்.

"டீ சாப்பிடறீங்களா?"

"கடமை நேரத்துல கூடாது," என்றார் பிம்லாட். பிறகு, "லேசா. மூணு சர்க்கரை," என்றார்.

கிளைவ் மூன்று கோப்பை போட்டார். ஒன்றை பிம்லாட்டுக்குக் கொடுத்து, ஒன்றை மோரீன் அறை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு வந்தார்.

"அவங்க கேட்டாங்களா?" என்றார் பிம்லாட்.

"இல்லீங்க. கெட்டில் சத்தம் அவங்களுக்குக் கேட்டிருக்குமே."

"அவங்களுக்கு எப்படிப் பிடிக்கும்?"

"நல்லா கறுப்பா, ரெண்டு சர்க்கரை, பால் கடைசியில," என்று கிளைவ் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார்.

பேனா நின்றது. பிம்லாட்டின் முகத்தில், வலையில் பெரிய மீன் விழுந்தவனின் சாந்தம் பரவியது.

"மிஸ்டர் டாக்ரே, எனக்கு இதுல ரொம்ப வருஷ அனுபவம். பேரன் பேத்தி எடுத்தவங்களைக் கேட்டிருக்கேன், உங்க பெண்டாட்டிக்கு டீயில எத்தனை சர்க்கரைன்னு. திருதிருன்னு முழிப்பாங்க. நீங்க மூச்சு விடாம சொல்றீங்க."

"நம்ம தெருவுல ரோடு போடறவங்க நாலு பேருக்கும்கூட நான் டீ குடுக்கறேன், அவங்களுக்கு எப்படிப் பிடிக்கும்னும் எனக்குத் தெரியுங்களே!"

"அவங்களுக்கு இங்க சொந்தக் கோப்பை இருக்கா?"

"இல்லீங்க. குடிச்சிட்டுக் கழுவிக் குடுத்துடுவாங்க."

"அப்ப அவங்க குடும்பத்துல சேத்தி இல்ல. ஒரு வீட்டுல ஒருத்தருக்குன்னு தனிக் கோப்பை இருக்கணும், வீட்டுச் செருப்பு இருக்கணும், கேக்காமலே டீ வரணும். இந்த மூணும் இருந்தா அவர் அந்தக் குடும்பத்து ஆள். அப்படி ஒரு வீட்டுல ரெண்டு பேர் இருந்தா அது தம்பதி. இதுக்குப் பேரு பிம்லாட் விதி. நான்தான் எழுதினேன்." அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நீங்க அவங்களைக் காதலிக்கிறீங்கன்னு நாங்க சொல்லலை. காதல் எங்க துறையில வராது. நீங்க டீ போடறீங்கன்னுதான் சொல்றோம்."

முடிவு அடுத்த வாரமே வந்தது. அலுவலகத்தில் மறுக்கிற வேலை மட்டும் எள் என்றால் எண்ணெயாக நடக்கும். கிளைவ் டாக்ரேயும் மோரீன் பிக்ஸும் நான்கு வருஷமாகத் தம்பதி. மோரீனின் மீன் கடைச் சம்பளம் கிளைவின் வருமானம், கிளைவின் கம்புச் சம்பளம் மோரீனின் வருமானம். ஆகவே அவருக்கு உதவி கிடையாது, அவளுக்கு வந்துகொண்டிருந்ததும் இனிக் கிடையாது.

மோரீன் அதை இரண்டு முறை படித்தாள்.

"யோவ் கிளைவ், நாலு வருஷமா எனக்குக் கல்யாணமாம்யா. யாராவது சொல்லியிருந்தா ஒரு கல்யாணத் தொப்பியாவது வாங்கிப் போட்டிருப்பேனே."

"மன்னிச்சுக்குங்க மோரீன். உங்களைக் கேக்காமலே கட்டிக்கிட்டேன்."

"கட்டினதுதான் கட்டினே, கொஞ்சம் வசதியா இருந்திருக்கக் கூடாதா?"

சாயங்காலம் வீட்டுச் சொந்தக்காரர் காபால்ட் வந்தார். செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். "கல்யாண வாழ்த்துகள்! ரொம்ப சந்தோஷம். மாசக் கடைசிக்குள்ள முழு வாடகை வரலைன்னா காலி பண்ணிடுங்க," என்று சொல்லி, ஒரு சாக்லேட் பெட்டியையும் காலி செய்யும் அறிவிப்பையும் ஒன்றாகவே கொடுத்துவிட்டுப் போனார்.

கிளைவுக்கு அன்று சாக்லேட் இறங்கவில்லை. வீடு போனால் வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டுச் சோபாதான் கதி. அங்கே போனால் கம்பு போய்விடும். கம்பு இல்லாமல் தான் யார் என்று யோசித்துப் பார்த்தார். மஞ்சள் கோட்டு போட்ட ஒரு கிழவன் என்று தோன்றியது. பிறகு கோட்டும் நகர மன்றத்துடையது என்பது நினைவுக்கு வந்தது.

சுவர் போனில் கூப்பிட்டு, பியானோ கேட்டு, மேல்முறையீடு போட்டார். அதன்படி ஒரு கண்காணிப்புக் காலம் தொடங்கியது. அது முடியும்வரை இருவரும் தம்பதி அல்லாதவர்களாக நடந்து காட்ட வேண்டும், மிஸ்டர் பிம்லாட் அவ்வப்போது வந்து பார்ப்பார். முதல் நிபந்தனை, ஒருவருக்கொருவர் டீ போடக் கூடாது.

கிளைவ் முதல் நாள் தனக்கு மட்டும் தண்ணீர் வைத்தார். கெட்டில் கொதித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மோரீன் இருமினாள். அவளுக்கு இருமல் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அவர் பதிலுக்கு இருமினார். ஒற்றைக் கோப்பையை எடுத்து வாயில் வைத்தார், இறங்கவில்லை, தொட்டியில் கொட்டிவிட்டார். திருடிக் குடிப்பது போல இருந்தது என்று பின்னால் சொன்னார்.

மறுநாள் மோரீன் தனக்கென்று ஒரு கெட்டில் வாங்கி வந்தாள். பிம்லாட் படியேறி வரும் சத்தம் கேட்டதும், தனித்தனி வாழ்க்கையை நிரூபிக்க இருவரும் ஒரே நேரத்தில் இரண்டையும் போட்டார்கள். அந்தப் பழைய கட்டிடத்து ஃபியூஸ் ஒரு கெட்டிலுக்குப் பழகியது. 'பட்' என்றது, வீடு இருண்டது, கீழே கடையில் முடி உலர்த்தும் இயந்திரமும் நின்றது. பாதி உலர்ந்த ஒரு பூடில் நாய் மிரண்டு, மாடிக்கு ஓடி வந்து, சோபாவில் இருவருக்கும் நடுவே பாய்ந்து உட்கார்ந்துகொண்டது. பிம்லாட் டார்ச்சோடு உள்ளே வந்தார். இருட்டில் ஒரு ஆண், ஒரு பெண், நடுவில் துண்டு போர்த்திய ஒரு ஜீவன்.

"குடும்பம் வளர்ந்திருக்கு," என்று எழுதிக்கொண்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால் பரவாயில்லை. இங்கே பூடிலாய் முடிந்தது.

"இப்படியெல்லாம் ஆகாதுய்யா," என்றாள் மோரீன். "அந்தாளு முன்னாடி நாம சண்டை போடணும். அப்பத்தான் நம்புவாரு."

"எனக்குச் சண்டை போடத் தெரியாதுங்க."

"நான் போடறேன். நீ நடுவுல 'இல்ல, இல்ல'ன்னு சொல்லு போதும்."

அடுத்த முறை பிம்லாட் வந்தபோது, வீட்டுச் செருப்பையும் ஒரு பையில் கொண்டு வந்திருந்தார். கட்டம் போட்ட கம்பளிச் செருப்பு. மோரீனின் கம்பளச் சட்டத்தால் காலுறை ஓட்டை வெளியே தெரிவது அவருக்குப் பிடிக்கவில்லை. மழை நாளில் சுமந்துகொண்டு திரிய முடியாது என்று போகும்போது அதை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். டிராக்டர் படம் போட்ட ஒரு கோப்பையும் அப்படித்தான் ஒருநாள் வந்து அலமாரியில் தங்கியது. மற்றவர்கள் கோப்பையில் குடித்தால் நடுநிலை கெடும் என்றார். மனிதர் கண்காணிப்பு இல்லாத நாளிலும் அந்தப் பக்கம் வந்தேன் என்று ஏறி வருவார். வந்தால் கிளைவ் லேசாக, மூன்று சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து வைப்பார், கூடவே தோய்த்துச் சாப்பிட இரண்டு பிஸ்கட். அதிகாரிக்கு டீ போடக் கூடாது என்று நிபந்தனை இல்லையே.

சண்டை குப்பைத் தொட்டியில் தொடங்கியது. எந்தக் கிழமை எந்தத் தொட்டியை வெளியே வைப்பது என்று மோரீன் பிடித்தாள். அதிலிருந்து ஹீட்டரைக் கூட்டியது யார் என்பதற்குத் தாவினாள். கிளைவ் "இல்ல, இல்ல" என்று சொல்ல வந்தவர், தம்மை அறியாமல், "போன கிறிஸ்மஸ்ல ஜன்னலைத் திறந்து வெச்சிட்டு ஹீட்டரைப் போட்டது..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"...நான்தான், இப்ப அதுக்கு என்னங்கறே? வான்கோழி கருகினது யாரால?"

"...உங்க தங்கச்சி போன்ல பேசினதால!"

பிம்லாட் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

"அருமை. முன்பின் தெரியாதவங்களால இவ்வளவு கோர்வையா சண்டை போட முடியாது. அவங்க ஆரம்பிச்சதை நீங்க முடிக்கிறீங்க, நீங்க ஆரம்பிச்சதை அவங்க முடிக்கிறாங்க. என் அம்மாவும் அப்பாவும் இப்படித்தான் இருந்தாங்க," என்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதையும் எழுதிக்கொண்டார்.

மாதம் கரைந்துகொண்டிருந்தது. மோரீனுக்கு இன்னொரு யோசனை வந்தது. தம்பதி என்று இவர்களே சொல்கிறார்களே, சரி என்று ஒப்புக்கொண்டு தம்பதிக்குரிய உதவியைக் கேட்டால் என்ன? கிளைவை இழுத்துக்கொண்டு அலுவலகத்தின் மேல்மாடிக்குப் போனாள். அங்கே தம்பதிப் பிரிவில் மிஸஸ் ஹட்டன் இருந்தாள். கழுத்தில் முத்துமாலையும் முகத்தில் கருணையும் போட்டிருந்தாள்.

"உங்களுக்குக் கிடைக்காதும்மா. நீங்க தம்பதிங்கறதுக்கு ஆதாரமே இல்ல. பால் தனித்தனி. பல்துலக்கி முதுகைக் காட்டிட்டு நிக்குது. எல்லாம் மிஸ்டர் பிம்லாட்டே எழுதியிருக்கார்."

"அதே பிம்லாட்தான் எங்களுக்கு நாலு வருஷமா கல்யாணம்னு எழுதினாரு!"

"அது கீழ் மாடி. கழிக்கும்போது நீங்க தம்பதி. குடுக்கும்போது இல்ல. வலது கை குடுக்கிறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு பைபிள்லயே இருக்கு. நாங்க ஒரு படி மேல, வலது கைக்கும் சொல்றதில்ல."

"அப்ப எங்களை மாதிரி ஆளுங்க என்னதாம்மா பண்றது?" என்று கேட்டார் கிளைவ்.

"மனசு தளரக் கூடாது. உங்களை மாதிரி ஏழைகளுக்காகத்தான் நாங்க இருக்கோம். ஏழைங்க இல்லைன்னா நாங்க எல்லாம் எங்க போவோம், சொல்லுங்க?" என்று மிஸஸ் ஹட்டன் உண்மையாகவே கலங்கினாள்.

மேல்முறையீட்டுக் குழு மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கூடியது. அன்றைக்குத் தோற்றால் திங்கட்கிழமை தெரு. குழுத் தலைவி மிஸஸ் ஹார்கிரீவ். அவளுக்கு இருபுறமும் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் தூங்கினார், மற்றவர் அவர் தூங்குவது வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

"இந்தக் குழு முழுக்க நடுநிலையானது," என்று தலைவி தொடங்கினாள். "துறையோட முடிவை இதுவரைக்கும் நாங்க ஒரு தடவைகூட மாத்தினதில்லைங்கறது வெறும் தற்செயல்தான். யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம்."

பிம்லாட் எழுந்து பூடில் வரைக்கும் எல்லாவற்றையும் விவரித்தார். மோரீனிடம், வீட்டில் உள்ள கோப்பைகளையும் செருப்புகளையும் சாட்சியப் பொருளாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவள் பெரிய மீன் கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு முறைத்தாள்.

இடைவேளை விட்டார்கள். அறை மூலையில் ஒரு மேசை, அதில் கெட்டில், தேயிலைப் பைகள், சர்க்கரை, பால், பிஸ்கட். டீ போடுகிற அம்மாளின் வேலையும் கிளைவின் மத்தியானச் சம்பளம் போன அதே வாரத்தில் போயிருந்தது. அன்றிலிருந்து குழுவில் யாரும் டீ குடித்ததில்லை. யார் கெட்டிலைப் போட்டாலும் எல்லோருக்கும் போட வேண்டும், அதனால் ஒவ்வொருவரும் மற்றவர் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தார்கள். எல்லோரும் கெட்டிலைப் பார்த்தார்கள். பிறகு ஜன்னலைப் பார்த்தார்கள்.

கிளைவால் தாங்க முடியவில்லை. மோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு, "யோவ், உக்காருய்யா. வீடு போயிடும்யா," என்று கிசுகிசுத்தாள். அவர் எழுந்துவிட்டார். சாமி வந்தவரைப் போலக் கெட்டிலைப் போட்டார். தலைவியிடமும் உறுப்பினர்களிடமும் எப்படி வேண்டும் என்று கேட்டார், தூங்குகிறவரைக்கூட எழுப்பிக் கேட்டார். கோப்பை போதாமல் மோரீனின் பையிலிருந்த சாட்சியங்களையும் எடுத்துக் கழுவினார். மோரீனுக்குக் கேட்காமலே போட்டார், கறுப்பாக, இரண்டு சர்க்கரை, பால் கடைசியில். தலைவி அதைக் குறித்துக்கொண்டாள். அவர்கள் கதை முடிந்தது என்று தூங்கியவருக்கே புரிந்தது.

பிறகு கிளைவ் இன்னொரு கோப்பையைக் கொண்டுபோய் பிம்லாட் முன்னால் வைத்தார். பக்கத்தில் இரண்டு பிஸ்கட்.

மிஸஸ் ஹார்கிரீவின் பேனா நின்றது.

"மிஸ்டர் டாக்ரே, இவருக்கு எப்படி வேணும்னு நீங்க கேக்கலையே."

"கேக்க வேண்டியதில்லீங்க. லேசா, மூணு சர்க்கரை."

"அந்த டிராக்டர் கோப்பை யாரோடது? இது உங்க வீட்டுலேருந்து வந்த சாட்சியமாச்சே."

பிம்லாட்டின் காது சிவந்தது. "என்னோடதுதான்," என்றார்.

மோரீன் பைக்குள் கையை விட்டாள். "இதுவும் எங்க வாசல்ல கிடந்துச்சும்மா," என்று கட்டம் போட்ட கம்பளிச் செருப்பை எடுத்து மேசை மேல் வைத்தாள். செருப்பு பிம்லாட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தது.

"கோப்பை இருக்கு. செருப்பு இருக்கு. கேக்காமலே டீ வருது," என்றாள் தலைவி. "மிஸ்டர் பிம்லாட், இந்த விதியை எழுதினது யாரு?"

"நான்தான்."

"இதுக்கு விதிவிலக்கு ஏதாவது வெச்சீங்களா?"

"வெக்கலை. வெச்சா ஏழைங்க அது வழியா உள்ள புகுந்துடுவாங்க."

குழு உள்ளே போய் யோசித்தது. டீ குடித்து முடிக்கிற நேரம் ஆயிற்று. பிறகு தலைவி வந்து முடிவைப் படித்தாள். மிஸ்டர் பிம்லாட் விதிப்படி அந்தக் குடும்பத்து ஆள். ஆகவே அந்தக் குடும்பத்தில் மூன்று பேர். மூன்று பேர் தம்பதி ஆவதற்கு இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே மிஸ்டர் டாக்ரேயும் மிஸ் பிக்ஸும் தம்பதி இல்லை, இருவருக்கும் தனித்தனியே உதவி கொடுக்க வேண்டும். வீட்டின் மூன்றாவது ஆள் என்ற முறையில், மிஸ்டர் பிம்லாட் தம் சம்பளத்திலிருந்து வாடகைக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும்.

"துறையோட முடிவை நாங்க மாத்தலை," என்று முடித்தாள் மிஸஸ் ஹார்கிரீவ். "துறை சொன்ன விதியை அப்படியே துறை மேல போட்டிருக்கோம்."

கிளைவ் அழுதுவிட்டார். மோரீன் அவர் முதுகில் ஒரு அடி வைத்து, "போதும்யா, தம்பதின்னு நினைச்சுக்கப் போறாங்க," என்றாள்.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பிம்லாட் தம் சம்பளத்தில் வெட்டு விழுவதை எதிர்த்து, நான் அந்த வீட்டு ஆள் இல்லை என்று மனுப் போட்டார். அதற்காக அவரும் சுவர் போனில்தான் கூப்பிட வேண்டியிருந்தது. பியானோவைக் கடைசிவரை கேட்டார். வரவேற்புப் பெண், "எங்க அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார்," என்றாள்.

"அதிகாரி நான்தானேம்மா."

"ரொம்ப நல்லது. அப்ப எப்ப வருவீங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்," என்று அவள் போனை வைத்தாள்.

ஆகவே ஒரு மழை நாளில் மிஸ்டர் பிம்லாட், மிஸ்டர் பிம்லாட்டைச் சோதிக்க மாடியேறி வந்தார். ஷூவைக் கழற்றினார். செருப்பைப் போடவில்லை, சாட்சியம் ஆகிவிடும். கட்டைவிரல் எட்டிப் பார்க்க, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து தாளை விரித்தார். தாம் இந்த வீட்டு ஆள் இல்லை என்று அவர் எழுதிவிட்டால், வீட்டில் பாக்கி இரண்டு பேர். இரண்டு பேர் என்றால் தம்பதி. காபால்ட் கீழே நாய்க் கடையில் நின்றுகொண்டு, மேலே என்ன நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"இங்க குடியிருக்கீங்களா?" என்று பிம்லாட் தம்மையே உரக்கக் கேட்டுக்கொண்டார். பதில் சொல்லவில்லை. தம் முறைப்படி, பதில் சொல்லத் தயங்குகிறார் என்று எழுதிக்கொண்டார்.

சமையலறையில் கெட்டில் கொதித்தது. கிளைவ் மூன்று கோப்பையோடு வந்தார். ஒன்று மோரீனுக்கு. டிராக்டர் கோப்பையை பிம்லாட் முன்னால் வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்பவர் மாதிரி நின்றார். நிஜமாகவே மன்னிப்பும் கேட்டார்.

"மன்னிச்சுக்குங்க. கெட்டிலைப் போட்டுட்டேன். உங்களுக்குப் போடாம இருக்க முடியலை."

பிம்லாட் கோப்பையைப் பார்த்தார். அதைத் தொடாமல் எழுந்து போனால் அவர் சம்பளம் அவருக்கே. வீட்டுக்குப் போய்க் கெட்டிலைப் போட்டு ஒற்றைக் கோப்பையில் குடிக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆவி ஏறியிருந்தது, டீயினாலா வேறு எதனாலா என்று சொல்ல முடியாது.

"ஆறிடப் போகுது, குடிங்கய்யா," என்றாள் மோரீன். வாசலிலிருந்து செருப்பைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள். "அந்த விரலை முதல்ல மூடுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். பேனாவை மூடினார். கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார், இரண்டாவது வாயும் குடித்தார். கிளைவும் மோரீனும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிம்லாட் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்த வெறும் தட்டைப் பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது.

"எப்பவும் ரெண்டு பிஸ்கட் வெப்பீங்களே," என்றார். "இந்த வீட்டுல பிஸ்கட்டை யாரு தீர்க்கறது?"